வேலூர் கோட்டை: ஆயாவோடு போனால் தனி ருசி

காலை எட்டரைக்கெல்லாம் போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் வேலூர் வெயில் சொல்லி மாளாது.

அத்தையோடும், அவரை ஆயா என்று கூப்பிடும் ஏழாவது படிக்கும் என் பையனோடும் போனேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களுக்கே அரை நாள் வேண்டும். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் யாளி, அதன் மேல் வீரன், சேணத்தின் முடிச்சுகூடக் கல்லில். பையன் விரலால் தடவிப் பார்த்தான். நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.

அத்தை பக்கத்திலிருக்கும் சத்துவாச்சாரிக்காரர். "நான் வாக்கப்படறப்ப இங்க சாமியே இல்ல கண்ணு. எங்க ஊர்லதான் இருந்தாரு, 1981லதான் திரும்ப வந்தாரு" என்றார்.

"சாமி இல்லாதப்ப இது மியூசியமா ஆயா?"

அத்தை சிரித்தார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

போன மாதம் வேறொரு ஊரில் ஓர் அருங்காட்சியகம் பார்த்தோம், பெயர் வேண்டாம். தூசு படிந்த கண்ணாடிக்குள் ஓர் அம்மன். அட்டையில் 'கற்சிலை' என்று மட்டும். எந்த ஊர் அம்மன் என்று கேட்டதற்கு, "சாய்ஞ்சு நிக்காதீங்கம்மா" என்றார் காவலர். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அந்த ஊர்க் கிழவி ஒருத்தியைக் கூட்டிவந்து பேசவிட்டிருந்தால் போதுமே!

திரும்பும்போது மக்கான் சந்திப்புப் பக்கம் வேலூர் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைக் காட்டினேன். 1806 ஜூலை 10. சிப்பாய்கள் மேல் வெள்ளைக்காரர்கள் திணித்த புதுத் தலைப்பாகையில் தொடங்கிய கோபம் என்றதும், "யூனிஃபார்முக்கா சண்டை?" என்று நம்பவே மாட்டேன் என்கிறான்.

நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது வெயிலுக்கு.