புழக்கடையில் கோய் மீன்குளம்: கட்டித்தந்த நிறுவனத்தைப் பற்றி ஓராண்டுக்குப் பின்

கோயம்புத்தூரில் உள்ள எங்கள் வீட்டுப் புழக்கடையில் 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம் கொண்ட கோய் (அழகுக்காக வளர்க்கும் வண்ணக் கெண்டை) மீன்குளம் ஒன்றை உள்ளூர் நிறுவனத்தார் கட்டித்தந்து ஓராண்டு ஆகிறது. வேலை முடிந்த அன்றே எழுதியிருந்தால் இது பாராட்டாகவும், அடுத்த வாரம் எழுதியிருந்தால் புகாராகவும் இருந்திருக்கும் என்பதால், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடக்கட்டும் என்று காத்திருந்தேன். செய்த பிழைகளை அவர்கள் பெரும்பாலும் திருத்திக்கொண்டதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கட்டுமான வேலையில் குறை சொல்ல இடமில்லை. நிழல் கிடைக்கும் என்று மாமரத்தடியில் குளம் வேண்டுமெனக் கேட்டேன். இலை விழுந்து அழுகினால் நீர் கெடும், வேரும் தொல்லை தரும் என்று சொல்லி, காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படும் இடத்தை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். மழைநீரும் தோட்டத்து உரமும் உள்ளே வழியாதபடி கரையைத் தரைமட்டத்திலிருந்து முக்கால் அடி உயர்த்தினார்கள். குளத்தின் அடித்தளத்தை நடுவை நோக்கிச் சரித்து, அங்கே 4 அங்குல வடிகால் பதித்ததுதான் அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது. மீன் கழிவு தானாகவே அங்கு சேர்ந்து வெளியேறுகிறது. சிமென்டுப் பூச்சுக்குப் பதிலாக ரப்பர் விரிப்பு போட்டதும் சரியான முடிவு. புதிய சிமென்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு, நீரின் காரத்தன்மையை மீன் தாங்காத அளவுக்கு உயர்த்திவிடும். அப்படிக் கட்டிய தொட்டியில் பலமுறை நீர் நிரப்பி வடித்த பிறகே மீன் விட முடியும்.

வடிகட்டியில்தான் தவறினார்கள். மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதி அலங்காரக் கற்களுக்கும் சிற்றருவிக்கும் போனது. 10,000 லிட்டர் நீருக்கு வைத்த வடிகட்டியோ பஞ்சு அடுக்கிய ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த கொள்ளளவு, சில பொன்மீன்களும் செடிகளும் உள்ள தோட்டக் குளத்துக்குப் பொருந்துவது. நிறையத் தின்று நிறையக் கழிக்கும் கோய் மீன்களுக்கு அது போதவே போதாது. இதை நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் இதையே தொழிலாகக் கொண்டவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை, நீர் நிரப்பிய மறுநாளே பதினைந்து மீன்களை விட்டது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை வடிகட்டியில் நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு புட்டி பாக்டீரியாக் கரைசலை ஊற்றிவிட்டு, இனிக் கவலையில்லை என்று சொல்லிச் சென்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. எங்கள் கிணற்று நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவு 8-க்கு மேல், பி.எச். 7-இல் இருப்பதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு அம்மோனியா 8-இல் நச்சு வடிவில் இருக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன். நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றியும் மூன்று மீன்கள் இறந்தன. அவற்றுள் ஒன்று, வெண்ணிற உடலில் செந்நிறத் திட்டுகள் கொண்ட கோஹாக்கு. என் மகள் தேர்ந்தெடுத்தது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

அழைத்த மறுநாளே வந்தார்கள், வாதாடவில்லை. 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டைக் கொண்டுவந்து, ஒன்றைக் கசடு படியவும், மற்றொன்றைக் காற்றுக்குமிழியில் ஓயாமல் புரளும் பிளாஸ்டிக் துணுக்குகளில் பாக்டீரியா வளரவும் அமைத்து, செலவில் பாதியைத் தாங்களே ஏற்றார்கள். ஐந்து வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படாத நிலைக்கு வந்தன.

புற ஊதா விளக்கு இருந்தால் பாசித் தொல்லையே இராது என்று அவர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை. பச்சையாகக் கலங்கியிருந்த நீர் ஒரே வாரத்தில் தெளிந்தது. ஆனால் கற்களில் ஒட்டி வளரும் நூற்பாசியை அது தொடாது, கையால்தான் எடுக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் விளக்கின் திறன் குறைவதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். நீர்ப் பம்பு, காற்றுப் பம்பு, விளக்கு மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு நான்கு யூனிட் மின்சாரம் எடுக்கின்றன. இரண்டு மாதக் கட்டணத்தில் 240 யூனிட் கூடும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். காற்றுப் பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்துத் தந்தது நல்ல யோசனை. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால், மே மாத மின்தடைகளில் மீன்களைக் காத்தது அந்த இணைப்புதான்.

மாதாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் மாதம் வந்த பணியாளர் வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் பளிச்செனக் கழுவினார். வளர்ந்த பாக்டீரியாவில் பெரும்பகுதி அத்துடன் போனது. குளத்து நீரிலேயே அலசி எடுத்திருக்க வேண்டும். இப்போது வாரத்துக்கு அரைமணி நேரம் செலவிட்டு, வடிகாலைத் திறந்து பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதை நானே செய்கிறேன். வடிந்த நீர் வாழைக்குப் போகிறது. முழு வளர்ச்சியில் இரண்டடி எட்டும் மீன் ஒன்றுக்கு 1,000 லிட்டராவது வேண்டும் என்பதால், இரண்டு மீன்களை நண்பருக்குக் கொடுத்துப் பத்தோடு நிறுத்திக்கொண்டேன். கொக்குக்கு அஞ்சி மேலே வலை கட்டியிருக்கிறேன்.

சென்ற மாதம் என் தங்கை வீட்டுக் குளத்துக்கும் இவர்களையே அழைத்தோம். இம்முறை அவர்கள் தந்த மதிப்பீட்டுத் தாளில் வடிகட்டி முதல் வரியிலும் கற்கள் கடைசி வரியிலும் இருந்தன. மீன் விடும் நாள், நீர் நிரப்பி ஆறு வாரம் கழித்து, நீர்ச் சோதனைக்குப் பிறகு என்று எழுதியிருந்தார்கள். தங்கை கையெழுத்திட்டுவிட்டாள்.