சீசன் முடிந்த குற்றாலம், ஆளில்லாத லாட்ஜ்

ஓட்டலில் நடக்கும் கதைகள் பிடிக்குமென்றால் சீசன் முடிந்த பிறகு குற்றாலத்துக்கு வாருங்கள். ஐந்தருவி ரோட்டில் நாங்கள் தங்கிய பழைய லாட்ஜில் நீண்ட வராந்தா, கனத்த பித்தளைத் தாழ்ப்பாள், மாடி முழுக்க எங்களைத் தவிர யாருமில்லை. 1974-இல் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் கொலராடோவின் ஸ்டான்லி ஓட்டலில், சீசன் முடிந்து மூடப்போகும் நேரத்தில் 217-ஆம் அறையில் தங்கியபோதுதான் ‘தி ஷைனிங்’ என்ற பேய் ஓட்டல் நாவலின் கதையே அவருக்குப் பிடிபட்டது. 1980-இல் வந்த படத்தில் அந்தப் பேய் அறையின் எண் 237. படத்துக்காக ஓட்டலின் வெளித்தோற்றத்தை எடுத்த டிம்பர்லைன் லாட்ஜில் 217 உண்டு, 237 கிடையாது. படம் பார்த்தவர்கள் பயந்து 217-க்கு வரமாட்டார்கள் என்று அந்த லாட்ஜ்காரர்கள் எண்ணை மாற்றச் சொல்லிவிட்டார்கள், இப்போது அங்கே ஆட்கள் கேட்டு வாங்குவதே 217-ஐத்தான்! சரி, நம்ம லாட்ஜ்: வெந்நீர் காலையில் மட்டும், கொசு அதிகம், மேனேஜர் அண்ணாச்சி தங்கமான மனுஷர். மாடிக் கோடி அறையைக் கேளுங்கள், ராத்திரி அருவிச் சத்தம் அங்கேதான் கேட்கும்.