தேரிக்காட்டு விடிலியில் வாங்கிய கருப்பட்டி

மகள் பெரியவளானதும் என் அம்மா கேட்டது மூன்றே பொருள்தான்: தொலி உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கருப்பட்டிக்கா பஞ்சம் என்று பக்கத்துக் கடையில் இரண்டு கிலோ வாங்கி வந்தேன். அம்மா ஒரு வட்டைத் தட்டி உடைத்தாள். உள்ளே பொடிப் பொடியாக மின்னியது. "இது சீனி கலந்ததுல்லா" என்று ஒதுக்கி வைத்துவிட்டாள். நேரமில்லாததால் அதிலேயே உளுந்தங்களி கிண்டினோம். இனித்தது, அவ்வளவுதான். நான் வயதுக்கு வந்தபோது சாப்பிட்ட களியின் வாசம் அதில் துளியும் இல்லை. அன்று எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமல்ல.

மறு வாரமே உடன்குடிக்கு பஸ் ஏறினோம். 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கக் கருப்பட்டி விற்கிறார்கள். அதனால் பெயரை நம்பாமல், காய்ச்சுகிற இடத்துக்கே போவது என்று முடிவு செய்தோம். தெரிந்தவர் ஒருவர் வழி சொல்ல, குதிரைமொழித் தேரி என்கிற மணல்மேட்டின் ஓரத்தில் ஒரு விடிலிக்கு, அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தோம். சிவந்த மணல், சுற்றிலும் பனை, நடுவில் ஓலை வேய்ந்த குடிசை. புருஷன் பனையேறுகிறார், மனைவி காய்ச்சுகிறார். பலகையும் இல்லை, பெயரும் இல்லை.

நாங்கள் போனபோது அந்த அக்கா தாழியில் பதநீரை ஊற்றி அடுப்பை மூட்டியிருந்தார். விறகு பனமட்டையும் உடைமுள்ளும்தான். வைகாசி வெயிலில் அந்த அடுப்புக்கு முன்னால் என்னால் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. அவரோ மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் கிண்டிக்கொண்டே இருந்தார். பதநீர் பொங்கி வந்தபோது ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு சிட்டிகை போட்டார். நுரை அப்படியே அடங்கியது. கூப்பனி என்கிற பாகுப் பதத்துக்கு வந்து, அதுவும் இறுகி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வருகிற நேரம் பார்த்து இறக்கினார். வரிசையாக அடுக்கியிருந்த சிரட்டைகளில் ஊற்றினார். அந்த ஒரு நிமிடம் பிந்தினால் கருகிவிடும், முந்தினால் உறையாது.

அண்ணாச்சி விடியும் முன்னே ஏறத் தொடங்குகிறார், சாயங்காலம் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் பதநீர் ஊறும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். எட்டு, பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்தால் உண்டு என்றார். "சீனியக் கலந்தா வெறகும் மிச்சம், ஏறுத மரமும் மிச்சம். ஆனா ஒருக்க வாங்குனவுக திரும்ப வர மாட்டாகல்லா" என்று அக்கா சொன்னபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிலோ நானூறு ரூபாய். கடையில் வாங்கியதைவிட நூற்றைம்பது அதிகம். நான் பேரம் பேசவில்லை. அந்த மரத்தையும் அந்த அடுப்பையும் பார்த்த பிறகு பேரம் பேச மனசு வராது. ஐந்து கிலோ வாங்கினோம். கூடவே சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்ட சில்லுக்கருப்பட்டியை ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் போட்டு என் மகளுக்கென்று கொடுத்தார், காசு வாங்கவில்லை.

சரி, கருப்பட்டி எப்படி? வட்டு வட்டுக்கு நிறம் மாறுகிறது. ஒன்று அடர்ந்த கறுப்பு, இன்னொன்று மண்ணின் பழுப்பு. உடைத்தால் உள்ளே மினுக்கம் இல்லை. மூக்குக்கு முதலில் வருவது புகை வாசம். வாயில் போட்டால் இனிப்பு மெதுவாக இறங்கி, கடைசியில் நாக்கில் லேசாக ஒரு கரிப்பு நிற்கிறது. எனக்கு அந்தக் கரிப்புதான் உயிர். வீட்டுக்கு வந்த அன்றே மறுபடியும் களி கிண்டினோம். நல்லெண்ணெய் பிரிந்து வரும்போதே அடுக்களை முழுக்க அந்தப் பழைய வாசம். மகள் இரண்டாவது உருண்டை கேட்டாள்.

குறையும் சொல்ல வேண்டும். கரைத்தால் அடியில் சுண்ணாம்பும் தூசியும் தங்குகிறது, கட்டாயம் வடிகட்ட வேண்டும். ஐந்து கிலோவில் இரண்டு வட்டு அடிப்பிடித்துக் கசந்தது. அவற்றைச் சுக்குக் காப்பிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். சூடான பாலில் நேராகப் போட்டால் சில நாள் திரிந்துவிடுகிறது, அதனால் பாகாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்க்கிறேன். ஐப்பசி மழையில் நாலைந்து வட்டு வேர்த்துப் பிசுபிசுத்துவிட்டது. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியது என் தப்பு. அம்மா அதை எடுத்து ஓலைப்பெட்டியில் மாற்றி அடுப்புக்கு மேல் பரணில் வைத்தாள். அப்புறம் ஒன்றும் ஆகவில்லை.

பார்சல் அனுப்பச் சொல்லி ஒருமுறை கேட்டேன். அனுப்பினார்கள். ஆனால் பாதி உடைந்துதான் வந்தது. கட்டத் தெரியவில்லை அவர்களுக்கு, பழக்கமும் இல்லை. ஊரில் யாராவது இதற்கென்று ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்தால் அவர்கள் இடைத்தரகர்களிடம் பாதி விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்காது. அவர்கள் பையன் பனையேற மாட்டேன் என்று திருப்பூருக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருடம் பத்து கிலோ சொல்லி வைத்திருக்கிறேன். உடன்குடிப் பக்கம் போகிறவர்கள் ஆனி முடிவதற்குள் போங்கள், ஆடி கழிந்தால் அடுப்பு எரியாது. காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விட்டால் காய்ச்சுவதற்கு முன் பனையோலைப் பட்டையில் பதநீரும் ஊற்றித் தருவார்கள்.