ஆடி டிடி: ஆக்டேவியா இஞ்சினோடு சில வருசம்

என்னிடம் இருப்பது 2015-இல் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாரநாளில் திருப்பூர்–கோவை ஓட்டம், மனசு வந்தால் ஆழியாறு வழியாக வால்பாறை. கார்ப் பைத்தியம் பிடித்த பசங்க யார் பார்த்தாலும் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்ணா, இது ஆக்டேவியா இஞ்சின் தானுங்களே?"

ஆமாங்க. ஆக்டேவியா என்பது ஸ்கோடாவின் குடும்பக் கார்; 2017-இல் வந்த அதன் வேக ரகமான ஆர்எஸ்ஸிலும் இதே குடும்பத்து 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், இதே 230 குதிரைத்திறன். அடித்தளமும் ஒரே குழுமத்து வண்டிகளான ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஆக்டேவியாவோடு பங்கு போட்டதுதான். புதுசாக வந்தபோது ஆர்எஸ் சுமார் 25 லட்சம், டிடி சுமார் 60 லட்சம். அந்த ஆர்எஸ்ஸை வைத்திருக்கும் என் மச்சான் பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறார். என் பின்சீட்டில் பைதான் உட்காரும்.

இப்படிக் குடும்பக் காரோடு இஞ்சினைப் பங்கு போடுவதைத்தான் ஸ்போர்ட்ஸ் கார் பாரம்பரியம் போச்சு என்கிறார்கள் சிலர். எந்தப் பாரம்பரியம்? 1948-இல் போர்ஷேவின் முதல் 356 காரே ஃபோக்ஸ்வாகன் பீட்டில் சாமான்களை வைத்துக் கட்டியதுதான். டிடியும் 1998-இல் பிறந்தபோதே கோல்ஃப் அடித்தளம். அவ்வளவு ஏன், நம்ம கோவை ரேஸர் கரிவர்தன் மாருதி 800 இஞ்சினை வைத்துத்தான் பார்முலா மாருதி ரேஸ் காரை உருவாக்கினார். அதை இரவல் வண்டி என்று யாராவது இளக்காரம் பேசினார்களா? செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கே அவர் பேர்தான்.

வைத்து ஓட்டுகிறவனுக்கு இதில் லாபம்தான். ஸ்பார்க் பிளக், ஆயில் ஃபில்டர் எல்லாம் கோவையிலேயே கிடைத்துவிடும். டிடிக்கு மட்டுமே உள்ள ரப்பர் பீடிங் மாதிரி ஏதாவது கேட்டால்தான் காத்திருக்கணும்.

என்னைப் பொறுத்தவரை பானெட்டுக்குள் எதை வேண்டுமானாலும் பங்கு போடட்டும், கை படுகிற இடம் சொந்தமாக இருந்தால் போதும். டிடியில் ஏசி காற்று வரும் வட்டத்துக்கு நடுவிலேயே திருகும் குமிழ், அதற்குள் குட்டித் திரையில் டிகிரி. டாஷ்போர்டில் ஏசிக்கென்று தனிப் பட்டன் வரிசையே கிடையாது. பெட்ரோல் வாயில் திருகு மூடியும் இல்லை, நாசிலை அப்படியே விட வேண்டியதுதான். பெட்ரோல் பங்கில் பையன் ஒவ்வொரு தடவையும் "மூடி எங்கீங்ணா?" என்று தேடுவான்.

டொயோட்டாவின் 2019 சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரில் எனக்கு உறுத்துவது இதுதான். பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் இஞ்சின் போட்டது சரி, அருமையான இஞ்சின். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் திரையும் அதைத் திருகும் குமிழும்கூட பிஎம்டபிள்யூவினுடையது. டொயோட்டா தன் சொந்த 2ஜேஇசட் இஞ்சினால் பேர் வாங்கிய வண்டி அது!

வால்பாறை ஏற்றத்தின் 40 கொண்டை ஊசி வளைவிலும் மச்சான் வண்டியையும் ஓட்டிப் பார்த்தேன். இழுவை ஒன்றுபோலத்தான். ஆனால் டிடியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2.5 மீட்டர்தான், நான்கு சக்கரமும் இழுக்கும். ஈரச் சாலையில் வளைவை முடித்து மிதிக்கும்போது அந்த வித்தியாசம் முதுகில் தெரியும். அவர் வண்டி அங்கே முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அப்புறம்தான் கிளம்பும்.

2023-இல் டிடி உற்பத்தியே நின்றுவிட்டது, இனி செகண்ட் ஹேண்ட்தான். வீட்டுக்கு ஒரே கார் என்றால் மச்சான் வண்டியைத் தேடுங்க. இரண்டாவது கார் என்றால் தாராளமாக இதை வாங்கலாம்.