பழைய சாமான்: பார்க்கிங்கில் கடை போடுவதா, போனில் விற்பதா, எடைக்குப் போடுவதா?

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ் கட்ட வேண்டும். கையில் கொஞ்சம் குறைந்தது. யாரிடமும் கடன் கேட்பதற்கு முன், பரணிலும் பால்கனியிலும் பத்து வருடமாகச் சேர்ந்து கிடப்பதை விற்றுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நாங்கள் இருப்பது சென்னை ஆதம்பாக்கத்தில், 36 வீடுகள் உள்ள குடியிருப்பு. வீட்டு முற்றத்திலேயே பழைய சாமானைப் பரப்பி விற்கும் யார்டு சேல் பற்றி அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் சொல்லியிருந்தார். இங்கே முற்றத்துக்கு எங்கே போவது? கீழே கார் நிறுத்தும் இடம்தான். சங்கத்தில் கேட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குச் சம்மதித்தார்கள்.

எல்லா வழியிலும் விற்றுப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: சின்னச் சாமானுக்குப் பார்க்கிங் விற்பனைக்கு ஈடே கிடையாது. பெரிய சாமானை அங்கே இறக்கவே கூடாது.

மூன்று சக்கர சைக்கிள், பள்ளிப் பை, டேபிள் ஃபேன், பால் குக்கர், கதைப் புத்தகங்கள் எல்லாம் நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான்கள். 400 ரூபாய் சைக்கிளுக்காகத் தாம்பரத்திலிருந்து யாரும் பெட்ரோல் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள். எதிர் பிளாக்கில் இருப்பவர் லிஃப்டில் இறங்கி வந்து வாங்கிக்கொள்வார். அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து காலை ஏழு மணிக்கே கடை போட்டோம். பத்தரைக்குள் முக்கால்வாசி போய்விட்டது. கையில் 6,340 ரூபாய்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. "ஏம்மா, தெரிஞ்சவங்ககிட்ட போய் காசு வாங்கறது நல்லாவா இருக்கும்?" என்றார் மாமியார். நம் வீடுகளில் பழையதைக் கொடுப்போமே தவிர, பக்கத்து வீட்டுக்கு விற்றுப் பழக்கமில்லை. அவர் கேட்டது நியாயம்தான். அதனால் இரண்டு காரியம் செய்தோம். முந்தின நாளே வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக் கூப்பிட்டு, வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னோம், காசில்லாமல். அப்புறம் ஒவ்வொரு சாமானிலும் விலை எழுதி ஒட்டினோம். விலை கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் அதிகம். எழுதியிருந்தால் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறார்கள், பேரமும் குறைகிறது. மாமியாரே கடைசியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சில்லறை எண்ணினார்.

சாப்பாட்டு மேசைக்கு மட்டும் பார்க்கிங்கில் 2,000 ரூபாய்க்கு மேல் கேட்க ஆள் இல்லை. அதே மேசையைப் போன் வழியாக ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் போட்டோம். மேடவாக்கத்தில் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி 5,000 கொடுத்து, அவர்களே குட்டியானை வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். 36 வீட்டில் அந்த வாரம் மேசை தேவைப்படுபவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். ஊர் முழுக்கத் தேடினால் நிச்சயம் ஒருவர் இருப்பார். அந்த வித்தியாசம்தான் 3,000 ரூபாய்.

ஆனால் போனில் விற்பதற்குப் பொறுமை வேண்டும். "லாஸ்ட் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் ஏராளம். இன்னொருவர் சாமானைப் பார்க்காமலேயே முழுப் பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்றார். இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யூபிஐ பின் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே நம் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

பழையதைக் கடையில் கொடுத்துப் புதிது வாங்கும் எக்ஸ்சேஞ்ச் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய வாஷிங் மெஷினுக்குக் கடையில் கொடுப்பது புதியதன் விலையில் ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான். புதிது எப்படியும் வாங்கப்போகிறோம் என்றால் சரி. கையில் காசு வேண்டும் என்று கிளம்பியவர்களுக்கு அது எதிர்த் திசை.

எடைக்குப் போடுவதைக் கடைசியில் வையுங்கள். செய்தித்தாள், உடைந்த பிளாஸ்டிக், துருப்பிடித்த இரும்பு ஆகியவற்றுக்குப் பழைய பேப்பர்காரரும் காயலான் கடையும்தான் சரியான இடம். பயணப்பெட்டி எடை பார்க்கும் சின்னத் தராசு வீட்டில் இருந்தால் முதலில் நாமே நிறுத்துவிடுவது நல்லது. எங்கள் கணக்குக்கும் வந்தவர் கணக்குக்கும் நான்கு கிலோ வித்தியாசம் வந்தது. தராசைக் காட்டியதும் பேசாமல் ஒத்துக்கொண்டார். பித்தளைத் தவலை, அண்டாவை மட்டும் இந்தக் குவியலில் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு பாத்திரக்கடையில் கிலோ என்ன விலை என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

புத்தகங்களையும் எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. பாடப் புத்தகங்கள் பார்க்கிங்கிலேயே போய்விட்டன. நாவல்களை என் கணவர் ரிப்பன் மாளிகை அருகே அல்லிக்குளம் வளாகத்தில் உள்ள பழைய புத்தகக் கடைகளுக்கு எடுத்துப் போனார். 1985 தீ விபத்தில் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகள் இடம் மாறியது அங்கேதான். அட்டை கிழியாத புத்தகத்துக்கு எடைக்கடையைவிட நல்ல விலை கிடைத்தது.

போகி வரைக்கும் காத்திருக்கலாமே என்று மாமனார் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜனவரியில் எல்லா வீடும் பழையதைக் கழிக்கிறது, வாங்குவதற்கு யார் இருப்பார்கள்? எரிப்பதோ இன்னும் மோசம். 2018 போகிப் புகையில் விமானங்களே சென்னையில் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. இடையில் ஐப்பசி மழை வேறு. பால்கனியில் கிடந்த மரச்சாமான் அதற்குள் ஊறிவிடும். பள்ளி திறக்கும் முன் வரும் மே கடைசி வாரம்தான் பொருத்தம். பள்ளிப் பையையும் சைக்கிளையும் அப்போதுதான் தேடுவார்கள்.

எல்லாம் சேர்த்து 17,000 ரூபாயைத் தொட்டது. மகளின் முதல் தவணை கட்டியாகிவிட்டது. மகன் ஃபீஸுக்கு இன்னும் 2,500 வேண்டும். தேக்குக் கட்டில் ஒன்று பாக்கி இருக்கிறது. பார்க்கிங்கில் 1,500-க்குக் கேட்டவருக்குக் கொடுக்கவில்லை. போனில் 4,000 சொன்ன பெருங்குடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.