கிறிஸ்துமஸ் மரமும் கற்பூரவல்லியும்: ஒரே மாடியில் சில வருஷம் வளர்த்த அனுபவம்

கிறிஸ்துமஸ் மரத்துக்கு விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தி மகள் கேட்டாள். இடுப்பு உயரக் கன்று, தொட்டியோடு 600 ரூபாய் என்கிறார்களாம். "நீங்கதான் வருசக்கணக்கா வச்சிருக்கீங்களே அக்கா, ஒத்த வார்த்தையில சொல்லுங்க" என்றாள். எனக்கு ஒற்றை வார்த்தையில் சொல்ல வரவில்லை. அந்த மரத்தின் மேல் எனக்கு ஆத்திரமும் உண்டு, பிரியமும் உண்டு. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் அதற்குப் பக்கத்துத் தொட்டியிலேயே கற்பூரவல்லியும் வளர்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் புரியும்.

கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிற இந்த அரக்கேரியா எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நேரான தண்டு, அதில் தட்டுத் தட்டாகக் கிளை. என் குறையெல்லாம் அடித்தட்டைப் பற்றியதுதான். ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பியதும் கீழ்க்கிளையின் நுனி ஊசிகள் முதலில் பச்சை மங்கி வெளிறும். அப்புறம் செம்பழுப்பாகும். விரலால் உருவினால் மொரமொரவென்று உதிரும். அந்தப் பழுப்பு நுனியிலிருந்து தண்டை நோக்கி நகர்ந்துகொண்டே வரும். முழுக்கக் காய்ந்ததும் கிளை கழன்று விழும், தண்டில் ஒரு வடு மட்டும் இருக்கும். அந்த இடத்தில் மறுபடி கிளை வராது. உரம் வைத்தாலும் சரி, மண்ணை மாற்றினாலும் சரி, வராது. முருங்கையை ஒடித்தால் ஒடித்த இடத்தில் நாலு கிளை கிளம்புகிறது. வேம்பை வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கிறது. இந்த மரத்துக்கு அந்தக் குணமே கிடையாது. வருஷத்துக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மேலே இருக்கிற அழகைப் பார்ப்பதில்லை, "ஏன் கீழ மொட்டையா நிக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

சரி, மரத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை. இதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் நார்போக் தீவு. அங்கே கோடையிலும் வெயில் 30 டிகிரிக்குக் கீழேதான். நம் பக்கம் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பவற்றில் பல, நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன் என்ற இன்னொரு அரக்கேரியா. அதுவும் தீவு மரம்தான். ஈரக்காற்றிலேயே வளர்ந்தவை இரண்டும். இங்கே சித்திரை, வைகாசியில் 38 டிகிரியைத் தாண்டுகிறது. அது முடிந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று. குற்றாலத்தில் அது சாரலாக இருக்கும். மழையை மலையிலேயே கொட்டிவிட்டு இங்கே வந்து சேரும்போது ஈரப்பசையே இல்லாமல் வரும். காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், ஊசியிலைக்குத் திண்டாட்டம். நம் பொதிகை மலையிலும் ஊசியிலை இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்று உண்டு. நாகேயா வாலிச்சியானா என்று பெயர். தென்னிந்தியக் காடுகளில் தானாக வளரும் ஒரே ஊசியிலை இன மரம் அதுதான், இலை மட்டும் அகலமாக இருக்கும். அதுவே மழைக்காட்டு ஈரத்தை விட்டுச் சமவெளிக்கு இறங்கி வரவில்லை. கடல் தாண்டி வந்த மரம் பாளையங்கோட்டை மொட்டைமாடியில் என்ன செய்யும்?

ஆனால் இதையெல்லாம் விற்கிறவர்கள் சொல்ல வேண்டாமா? நான் வாங்கிய நர்சரியில் "நல்லா வெயில்ல வைங்க, ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். இளங்கன்றுக்கு வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. காலை வெயில் மட்டும் விழுகிற மாதிரி, மாடிப்படி அறைச் சுவரின் கிழக்கு ஓரத்துக்கு மாற்றிய பிறகுதான் காய்வது குறைந்தது. மேற்கே அந்தச் சுவர் காற்றைத் தடுத்துவிடுகிறது. தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, ஊசிநுனி கருகுகிறது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைத்தான் இதற்கு ஊற்றுகிறேன். ஐப்பசி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தும் ஊற்றுவதுண்டு. செம்மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் மட்கிய இலை உரமும் சம அளவில் கலந்த மண் ஒத்துவருகிறது. வாரம் ஒரு முறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சத்தைப் பார்த்து வளைந்துவிடும்.

கற்பூரவல்லிக்கு இப்படி எதுவும் எழுத வேண்டியதே இல்லை. நாலு விரல் நீளத்துக்குத் தண்டை ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிப் போட்டு, மண்ணில் செருகினால் போதும். பத்துப் பதினைந்து நாளில் வேர் பிடித்துவிடும். போர் தண்ணீரும் குடிக்கும், ஒரு வாரம் மறந்துபோனாலும் அந்தத் தடித்த இலையில் இருக்கிற நீரை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். கடும் வெயிலில் இலை சிறுத்து மஞ்சள் பாரிக்கும், கொஞ்சம் நிழல் கொடுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு வரும். ஒரே ஒரு பலவீனம், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. கார்த்திகை அடைமழையில் தண்டின் அடி கறுத்து, தொட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். அப்போதும் மேலே நல்லதாக இருக்கிற கொப்பை ஒடித்து வேறு தொட்டியில் செருகிவிட்டால் செடி தொடர்கிறது.

கிறிஸ்துமஸ் மரத்தில் இதற்கும் வழி இல்லை. பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தாலும் அது படுத்தவாக்கிலேயே வளரும். உச்சித் தண்டை வெட்டி நட்டால்தான் நேரான மரம் கிடைக்கும். அப்படி வெட்டினால் தாய்மரத்தின் வடிவம் போய்விடும்.

பயன் என்று பார்த்தால் போட்டியே இல்லை. வீட்டில் யாராவது இருமினால் கற்பூரவல்லி இலையைத் தோசைக்கல்லில் வாட்டிச் சாறு பிழிந்து, கொஞ்சம் தேன் விட்டுக் கொடுப்போம். (ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூச்சு இளைத்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.) ரசம் இறக்கும்போது இரண்டு இலை கிள்ளிப் போட்டால் தெருவரைக்கும் மணக்கும். ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் என்ற பொருள் இந்த இலையிலும் இருக்கிறது, கூடவே கார்வக்ரால் என்ற இன்னொரு மணப்பொருளும். மழை மூட்டமாக இருக்கிற சாயங்காலம் இலையைக் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டால், வாழைக்காய் பஜ்ஜியை யாரும் சீண்டுவதில்லை. வெந்த இலையின் காரம் நாக்கில் லேசாக ஏறி, தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கும்.

கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பஜ்ஜியும் இல்லை, கசாயமும் இல்லை. 1774-ல் கேப்டன் குக் நார்போக் தீவில் இந்த மரங்களைப் பார்த்துவிட்டு, கப்பலின் பாய்மரத் தண்டுக்கு ஆகும் என்று நினைத்தார். பிற்பாடு வெட்டிப் பார்த்தால் அதற்கு வேண்டிய வலு மரத்தில் இல்லை. உப்புக்காற்றைத் தாங்கும் என்பதால் ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் வரிசையாக நட்டிருக்கிறார்கள். உவரி, கூடங்குளம் பக்கம் இருப்பவர்கள் தரையில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். 50 மீட்டருக்கு மேலும் போகிற மரம். எங்களுக்கு அதனால் டிசம்பரில்தான் உபயோகம். சின்ன வயசில் சவுக்குக் கிளையை வெட்டி வந்து மணல் வாளியில் நட்டு ஜோடிப்போம். சவுக்கு பார்க்க ஊசியிலை மாதிரி இருந்தாலும் அது பூக்கிற மரம், வேறு இனம். கிறிஸ்துமஸ் முடிவதற்குள் காய்ந்து வீடெல்லாம் குப்பையாகும். இதில் அந்தத் தொல்லை இல்லை. சீரியல் பல்பு சுற்றி, ஸ்டார் கட்டி, புது வருஷம் முடிந்ததும் மறுபடி மாடிக்கு ஏற்றிவிடலாம்.

அது சாய்ந்து வளருமாமே என்று சித்தி மகள் இன்னொரு சந்தேகமும் கேட்டாள். உண்மைதான். குக் பைன் மரங்கள் உலகம் முழுக்கப் பூமத்திய ரேகையைப் பார்த்தே சாய்கின்றன என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. வடக்கே இருப்பவை தெற்கே சாயும், தெற்கே இருப்பவை வடக்கே சாயும். ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வு கூடும். திருநெல்வேலி எட்டே முக்கால் டிகிரியில்தான் இருக்கிறது, அதனால் பயப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டேன். இருந்தாலும் மழை விட்ட பிறகு அதன் உச்சியில் புதுத் தட்டு விரிவதைப் பார்க்க வேண்டும். நுனியில் மொட்டு பருத்து, ஒரு காலையில் இளம்பச்சையாகச் சுற்றிலும் கிளை பிரிந்திருக்கும். தொட்டால் ஊசி என்றே சொல்ல முடியாது, அவ்வளவு மெத்தென்று இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது காபி ஆறியதுகூடத் தெரியாமல் நின்றேன். கீழே ஒரு தட்டு போன ஆத்திரம் அந்த ஒரு வாரத்துக்கு எனக்கு நினைவிலேயே இருக்காது. கற்பூரவல்லி எத்தனை இலை விட்டாலும் அதன் முன்னால் நான் அப்படி நின்றதில்லை.

அதனால் என் தீர்ப்பு: வாங்கலாம். காசு கொடுத்து வாங்குவதென்றால் கிறிஸ்துமஸ் மரத்தைத்தான் வாங்க வேண்டும். கற்பூரவல்லியைக் காசு கொடுத்து யாரும் வாங்க வேண்டாம், தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு கொப்பு ஒடித்துத் தருவார்கள். அம்பாசமுத்திரத்தில் மலையும் ஆறும் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் மாடியைவிட அங்கே நன்றாகவே வரும். வாங்கும்போது தொட்டிமண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். அடர்த்தியாகத் தெரிவதற்காக இரண்டு மூன்று கன்றுகளை ஒரே தொட்டியில் நட்டிருப்பார்கள், வளர வளர ஒன்றையொன்று நெருக்கிவிடும். ஒற்றைத் தண்டு, உச்சிமொட்டு முறியாதது, அடித்தட்டு பச்சையாக இருப்பது, இந்த மூன்றும் இருந்தால் 600 ரூபாய் கொடுக்கலாம். அடித்தட்டில் பழுப்பு ஏறியிருந்தால் 200-க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.