காலேஜ் ஃபுட்பால் பெரியவர்கள் நாற்காலியை விட்ட கதை: நாலு வழி, எது தேவலை?

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல (கால்பந்து இல்லீங்க, ஹெல்மெட் போட்டு மோதுற ஆட்டம்) ஒருத்தர் ஒரே யுனிவர்சிட்டில 20, 30 வருஷம் ஹெட் கோச்சா இருந்துட்டார்னா அவர் அந்த ஊருக்கே பெரிய மனுஷன், வாசல்ல சிலை, ஸ்டேடியத்துல பேரு, ஸ்டேட் கவர்னரை விட பல மடங்கு சம்பளம். அப்படிப்பட்டவரை வீட்டுக்கு எப்படி அனுப்புறது, அவருக்கு அப்புறம் யாருங்கறதுல ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் ஒவ்வொரு ரூட் எடுத்திருக்கு. நான் ஃபாலோ பண்ண வரைக்கும் நாலு ரூட். நகரவே மாட்டேன்னு உக்காந்திருக்கிறது, பட்டத்து இளவரசரை முன்கூட்டியே அறிவிச்சுட்டு கொஞ்ச வருஷம் கூடவே வச்சுக்கிறது, ஒரே நாள்ல தான் இறங்கி உள்ள இருக்கிற ஒருத்தரை ஏத்தி விடுறது, கடைசியா, நான் கிளம்புறேன் நீங்களே ஆள் பாத்துக்கோங்கன்னு ஆபீஸ்கிட்ட விட்டுடுறது.

வயசு இவ்ளோ பெரிய பிரச்சனை ஆகுறதே ரெக்ரூட்டிங்னால தான் (ஹைஸ்கூல் பசங்களை டீமுக்கு இழுக்குற வேலை). 17 வயசுப் பையன் வீட்டு ஹால்ல கோச் உக்காந்து பேசிட்டு இருப்பாரு, பெத்தவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு, இவன் படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க இருப்பீங்களா. 78 வயசுக்காரர் இதுக்கு என்னத்த சொல்வாரு? மறுநாளே போட்டி டீம் கோச் அதே சோஃபால வந்து உக்காந்து, பெரியவர் எப்ப வேணா போயிடுவாரு, அடுத்து யாருன்னு அவங்களுக்கே தெரியாதுன்னு நல்லா பத்த வச்சுட்டுப் போவாரு. டாப் பசங்க வரலைன்னா ரெண்டு மூணு வருஷத்துல டீம் தோக்க ஆரம்பிக்கும், தோத்தா ரிடையர்மென்ட் பேச்சு இன்னும் ஏறும், அது ஒரு சுழல்.

முதல் ரூட்டுக்கு ஜோ பட்டேர்னோவை விட்டா வேற ஆள் கிடையாது. பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில 1950லேர்ந்து அசிஸ்டன்ட், 1966லேர்ந்து ஹெட் கோச். 2000 முதல் 2004 வரை அஞ்சு சீசன்ல நாலுல தோல்விதான் அதிகம். 2004 நவம்பர்ல யுனிவர்சிட்டி பிரெசிடென்ட் கிரஹாம் ஸ்பேனியரும், விளையாட்டுத் துறைக்கே தலைவரான அத்லெடிக் டைரக்டர் டிம் கர்லியும் (இந்தப் பதவியை இனிமே ஏடின்னே சொல்றேன்) அவர் வீட்டுக்கே போயி, போதும், ரிடையர் ஆயிடுங்கன்னு கேட்டாங்க. முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு, அவ்ளோதான், வந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. யாருக்கு யாரு மேலதிகாரின்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. அடுத்த சீசன் 11-1 (11 வெற்றி, 1 தோல்வி), சீசன் கடைசில நடக்குற ஆரஞ்ச் பவுல் மேட்ச்ல ஃப்ளோரிடா ஸ்டேட்டை மூணு ஓவர்டைம் போயி 26-23ன்னு ஜெயிச்சாங்க, அந்த ஒரு சீசனைக் காட்டியே இன்னும் ஆறு வருஷம் ஓட்டிட்டாரு. நடுவுல சைட்லைன்ல ப்ளேயர்ஸ் மோதி கால் உடைஞ்சுது, இடுப்பு ஆபரேஷன் ஆச்சு, 2011ல ப்ராக்டிஸ்ல சொந்த ப்ளேயரே மோதி மறுபடி அடி, மேல ப்ரெஸ் பாக்ஸ்ல உக்காந்துகிட்டு கோச்சிங்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அவரோட முன்னாள் அசிஸ்டன்ட் ஜெர்ரி சாண்டஸ்கி சின்னப் பசங்ககிட்ட பாலியல் கொடுமை பண்ண கேஸ்ல 2011 நவம்பர் 5 கைது. 9ஆம் தேதி காலைல பட்டேர்னோ, சீசன் முடிஞ்சதும் போயிடறேன்னு தானா அறிவிச்சாரு. அன்னிக்கு ராத்திரி யுனிவர்சிட்டி போர்டு கூடுச்சு, அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சீட்டு கொடுத்தாங்க, அதுல ஒரு ஃபோன் நம்பர், அதுக்கு அடிச்சா இந்த நிமிஷத்தோட உங்களை நீக்கியாச்சுன்னு சொன்னாங்க. பட்டேர்னோ ஃபோனை வச்சுட்டாரு, அவர் மனைவி சூ திருப்பி அடிச்சு, 61 வருஷம் உழைச்சவருக்கு இதுவா மரியாதைன்னு கேட்டுட்டு வச்சாங்க. 2012 ஜனவரி 22ல அவர் இறந்தே போயிட்டாரு. இதை வெறும் ரிடையர்மென்ட் சோகமா சொல்றது பாதிக்கப்பட்ட பசங்களுக்கு அநியாயம். ஆனா பிரெசிடென்ட்டையே வாசலோட திருப்பி அனுப்புற அளவுக்கு ஒரு கோச் வளர்ந்துட்டா அந்த இடத்துல யாரும் அவரை எதுவும் கேக்க முடியாது, அதுவும் இந்தக் கதைல உண்டு. வாரிசுன்னு ஒருத்தரும் ரெடியா இல்ல, கடைசில வெளிலேர்ந்து பில் ஓ'பிரையன் வந்தாரு.

கிராம்ப்ளிங் யுனிவர்சிட்டில எடி ராபின்சன் கதையும் இதே ரூட்டுதான், அசிங்கம் மட்டும் கம்மி. 1941ல ஆரம்பிச்சவரு, 408 வெற்றி, 1996ல அனுப்பப் பாத்தப்ப ஊரே கொதிச்சதால இன்னொரு வருஷம் கிடைச்சுது, அந்த வருஷமும் 3-8.

இனி ரெண்டாவது ரூட்டு, "ஹெட் கோச் இன் வெயிட்டிங்". 2008, 2009 வாக்குல இது ஒரு ஃபேஷனாவே ஓடுச்சு. இதுல பெரிய கேஸ் பாபி பௌடன். 1976ல ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வந்தாரு, 1987லேர்ந்து 2000 வரை தொடர்ந்து 14 சீசன் டாப் 5ல முடிச்சாரு, 1993லயும் 1999லயும் சாம்பியன். அதுக்கப்புறம் சறுக்கல். மகன் ஜெஃப் பௌடன் தான் 2001லேர்ந்து அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (பாயின்ட் எடுக்குற ஆட்டத்தைப் பாத்துக்கிற கோச்), 2006ல சொந்த மைதானத்துல வேக் ஃபாரஸ்ட்கிட்ட 30-0ன்னு வாங்கினப்புறம் அவரு ராஜினாமா, அவர் இடத்துக்கு ஜிம்போ ஃபிஷர் வந்தாரு. 2007 டிசம்பர்லயே ஃபிஷர்தான் அடுத்த கோச்னு எழுதி வச்சுட்டாங்க, குறிச்ச தேதிக்குள்ள பதவி கொடுக்கலைன்னா அவருக்குப் பெரிய தொகை நஷ்ட ஈடுன்னு காண்ட்ராக்ட்லயே இருந்துச்சு.

பேப்பர்ல பாத்தா பக்கா ப்ளான். ரெக்ரூட் வீட்டுல கேக்குற கேள்விக்கு இப்ப பதில் இருக்கு, அசிஸ்டன்ட்களுக்கும் அடுத்த முதலாளி யாருன்னு தெரியும். ஆனா ஒரே உறைல ரெண்டு கத்தி. ப்ளேயர் யார் முகத்தைப் பாப்பான்? பணம் கொடுக்குறவங்க யாருக்கு ஃபோன் போடுவாங்க? 2009ல 2-3ன்னு ஆரம்பிச்ச உடனே ட்ரஸ்டி போர்டு சேர்மன் ஜிம் ஸ்மித், சீசனோட பௌடன் போகணும்னு பேப்பர்லயே சொல்லிட்டாரு. வாரிசு பக்கத்துலயே நிக்கும்போது இப்படிப் பேசுறது எவ்ளோ ஈஸி பாருங்க, ஆள் தேடுற வேலையே இல்லையே. பௌடனுக்கு இன்னொரு வருஷம் இருக்கணும்னு ஆசை. அவரை அனுப்புற டீலை முடிச்ச யுனிவர்சிட்டி பிரெசிடென்ட் டி.கே. வெதரெல், 60கள்ல பௌடன் அங்க அசிஸ்டன்ட்டா இருந்தப்ப அதே டீம்ல ஆடின பையன். 2010 ஜனவரி 1 கேட்டர் பவுல்தான் கடைசி மேட்ச், எதிர்ல அவர் முன்னாடி வேலை பாத்த வெஸ்ட் வர்ஜீனியா, மேட்சுக்கு முன்னாடி, அந்த டீம் வழக்கப்படி, எரியுற ஈட்டியை அவரே மைதானத்து நடுவுல குத்தினாரு, 33-21 ஜெயிச்சு தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. பாக்க அழகா இருந்துச்சு, ஆனா 80 வயசுல தள்ளித்தான் விட்டாங்க. ஃபிஷர் 2013ல 14-0, நேஷனல் சாம்பியன். டீம் கணக்குல பாத்தா ப்ளான் ஜெயிச்சுது, மனுஷன் கணக்குல பாத்தா கசப்பு.

மத்த இடங்கள்ல டீம் கணக்கும் தேறல. டெக்சாஸ்ல மேக் பிரவுனுக்கு அப்புறம் வில் மஸ்சாம்ப்னு 2008 நவம்பர்ல அறிவிச்சாங்க, பிரவுன் நகர்ற மாதிரி தெரியல, 2010 டிசம்பர்ல மஸ்சாம்ப் ஃப்ளோரிடா கோச்சா பறந்துட்டாரு. மேரிலேண்ட் இன்னும் கூத்து. ரால்ஃப் ஃப்ரீட்ஜனுக்கு வாரிசுன்னு வச்சிருந்த ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் வாண்டர்பில்ட் போயிட்டாரு, வாரிசு போனா பெரியவர் தொடரணும்ல, அவரையும் காசு கொடுத்து அனுப்பிட்டாங்க, அதுவும் அவர் ஏசிசில (அவங்க ஆடின லீக்) அந்த வருஷத்து சிறந்த கோச்சா இருக்கும்போது! ஒழுங்கா நடந்தது ஓரிகன்தான். 2008 டிசம்பர்ல சிப் கெல்லி பேரைச் சொன்னாங்க, 2009 மார்ச்லயே மைக் பெலோட்டி இறங்கிட்டாரு, கெல்லி நாலு வருஷத்துல 46-7. காத்திருந்தது மூணே மாசம். மூணு வருஷம் காக்க வச்சிருந்தா கெல்லியும் கிளம்பியிருப்பாருன்னு தான் நினைக்கிறேன்.

மூணாவது ரூட்டு தான் என் சாய்ஸ், ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு, அதை நெப்ராஸ்கா காட்டுது. 1973ல அதுவரைக்கும் கோச்சா இருந்த பாப் டெவனி தானே டாம் ஆஸ்போர்னை கோச்சா உக்கார வச்சுட்டு ஏடி வேலைல தொடர்ந்தாரு. ஆஸ்போர்ன் முதல் அஞ்சு வருஷமும் பரம எதிரி ஓக்லஹோமாகிட்ட தோல்வி, ஒரு தடவை கூட ஜெயிக்கல. இன்னிக்கு இருந்தா ரெண்டாவது வருஷமே சீட்டுக் கிழிஞ்சிருக்கும், ஆனா ஏடி சீட்ல உக்காந்திருந்தது அவரைத் தேர்ந்தெடுத்த அதே டெவனி. அதனால 25 வருஷம் ஓடி, 255 வெற்றி, 60 வயசுல, டீம் உச்சத்துல இருக்கும்போதே ரிடையர்னு சொல்லி ஃப்ராங்க் சோலிச்கிட்ட கொடுத்தாரு. கடைசி மேட்ச்ல டென்னஸியை 42-17, சாம்பியன்ஷிப்ல பங்கு. இதைவிட அழகா ஒருத்தர் போகவே முடியாது. சோலிச் ஆறு சீசன்ல 58-19. 2003ல 9-3 எடுத்திருக்கும்போதே தூக்கிட்டாங்க! தூக்கினவரு ஸ்டீவ் பெடர்சன், புதுசா வந்த ஏடி. ஆஸ்போர்ன் அப்ப அமெரிக்க நாடாளுமன்றத்துல எம்.பி.யா வாஷிங்டன்ல. அடுத்து வந்த பில் காலஹான் நாலு வருஷத்துல 27-22, கடைசில 2007ல ஆஸ்போர்னையே ஏடியா கூட்டிட்டு வந்தாங்க, ஆனா கைல இருந்தது போயாச்சு.

அதாவது வாரிசு எவ்ளோ நல்லவர்ங்கறது ஒரு பக்கம், அவரை ஏத்தி விட்டவங்க ஆபீஸ்ல இன்னும் இருக்காங்களாங்கறது தான் பெரிய பக்கம். டெவனி இருந்தாரு, ஆஸ்போர்ன் பிழைச்சாரு. ஆஸ்போர்ன் இல்ல, சோலிச் காலி.

ஓக்லஹோமா இதை சரியா பண்ணுச்சு. 2017 ஜூன் 7, பாப் ஸ்டூப்ஸ் 56 வயசுல, 18 சீசன் முடிச்சு, யாருமே எதிர்பாக்காத நேரத்துல ரிடையர், அன்னிக்கே 33 வயசு லிங்கன் ரைலி ஹெட் கோச். காத்திருப்பே கிடையாது, ஒரே கத்தி. ஸ்டூப்ஸோட அப்பா ஹைஸ்கூல் கோச், 54 வயசுல மேட்ச் நடக்கும்போதே ஹார்ட் அட்டாக் வந்து இறந்தவரு, அது மனசுல இருந்திருக்காதுன்னு யாரால சொல்ல முடியும். ஸ்டூப்ஸைக் கொண்டு வந்த ஏடி ஜோ காஸ்டிக்லியோன் அப்பவும் அதே சீட்ல. ரைலி முதல் மூணு சீசனும் ப்ளேஆஃப், முதல் ரெண்டு சீசன்லயும் அவர் குவார்டர்பேக்குக்குத் தான் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற ப்ளேயர்) ஹைஸ்மன் ட்ராஃபி, அதாவது நாட்டுலயே சிறந்த காலேஜ் ப்ளேயர் விருது. 2021ல அவர் யுஎஸ்சிக்கு (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) தாவினதும் ஸ்டூப்ஸே வந்து அலமோ பவுல் ஒரு மேட்சுக்கு மட்டும் கோச்சா இருந்து ஜெயிச்சுக் கொடுத்துட்டு மறுபடி வீட்டுக்குப் போயிட்டாரு. விஸ்கான்சின்ல பாரி ஆல்வாரஸும் கிட்டத்தட்ட இதே ஸ்டைல்தான், வாரிசு பேரை மட்டும் ஒரு சீசன் முன்னாடியே சொல்லிட்டாரு, ஆனா ஏடியா 2021 வரை தலைக்கு மேலயே உக்காந்திருந்தாரு, ப்ரெட் பீலமாவும் அடுத்து வந்த கேரி ஆண்டர்சனும் தாங்களாவே வேற வேலை பாத்துக் கிளம்பிட்டாங்க. அளவுக்கு மிஞ்சினா நிழலும் வெயில்தான் போல.

நாலாவது ரூட்டு அலபாமாவோட நிக் சேபன். ரோஸ் பவுல்ல மிச்சிகன்கிட்ட தோத்து பத்து நாள்கூட முழுசா ஆகல, 2024 ஜனவரி 10ல ரிடையர், 12ஆம் தேதி வாஷிங்டன் யுனிவர்சிட்டிலேர்ந்து கேலன் டிபோர். ரெண்டே நாள்! அந்த வேகம் அவசியம், ஏன்னா கோச் மாறினா ப்ளேயர்கள் டீம் மாற அப்ப 30 நாள் ஜன்னல் திறக்கும். அப்படியும் கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட் போயிட்டாரு, கேடின் ப்ராக்டர் ஐயோவா போயி ஒரு ஸ்ப்ரிங்குக்குள்ள திரும்பி வந்ததுதான் தமாஷ். டிபோர் முதல் சீசன் 9-4, நடுவுல வாண்டர்பில்ட்கிட்ட 40-35 தோல்வி, அலபாமா ஆளுங்க அன்னிக்கு தூங்கியிருக்க மாட்டாங்க. வெளி ஆளுக்கு இதுதான் கஷ்டம், ஒவ்வொரு தோல்விக்கும் பழைய ஆள் பேரைச் சொல்லி அடிப்பாங்க. முன்னாடி அதே அலபாமால ஜாம்பவான் கோச் 'பேர்' (கரடின்னு பட்டப்பேர்) ப்ரையன்ட் போனப்ப வந்த ரே பெர்கின்ஸுக்கும் அதே கதி, அதுவும் ப்ரையன்ட் கடைசி மேட்ச் முடிஞ்ச 28ஆவது நாள் இறந்து தெய்வமாவே ஆயிட்டாரு.

கான்சாஸ் ஸ்டேட்டை எந்த ரூட்ல போடுறதுன்னு எனக்கே குழப்பம். நாட்டுலயே மோசமான டீம்னு பேர் வாங்கினதை பில் ஸ்னைடர் 1989லேர்ந்து தூக்கி நிறுத்தினாரு, 2005ல போனாரு, ரான் ப்ரின்ஸ் மூணு வருஷம் தாக்குப் பிடிச்சாரு, 2009ல ஸ்னைடரே திரும்ப வந்து 79 வயசு வரைக்கும் இருந்தாரு. மகன் ஷான் தனக்கப்புறம் வரணும்னு ஆசை. ஸ்டேடியத்து பேரே பில் ஸ்னைடர் ஃபேமிலி ஸ்டேடியம், ஆனா 2018ல யுனிவர்சிட்டி வெளிலேர்ந்து க்ரிஸ் க்ளைமனைக் கொண்டு வந்துச்சு. மகன்கிட்ட கொடுத்து ஜெயிச்சது எனக்குத் தெரிஞ்சு மவுண்ட் யூனியன் லாரி கேரஸ் தான், 11 சாம்பியன்ஷிப் எடுத்துட்டு வின்ஸ்கிட்ட விட்டாரு, வின்ஸும் ரெண்டு எடுத்தாரு. ஆனா அது டிவிஷன் 3, அதாவது காலேஜ் ஃபுட்பால்ல கீழ் மட்டம், டிவி காசும் கிடையாது, கோடீஸ்வர ஃபேன்ஸ் தொல்லையும் கிடையாது.

இப்ப எல்லாரும் பாக்கறது ஐயோவால 1999லேர்ந்து இருக்கிற கர்க் ஃபெரென்ட்ஸை. காண்ட்ராக்ட் 2029 வரை. மகன் ப்ரையன் அஃபென்ஸ் கோஆர்டினேட்டரா இருந்தாரு, 2023ல மேட்சுக்கு சராசரி 25 பாயின்ட் எடுக்கணும்னு காண்ட்ராக்ட்லயே போட்டாங்க (அவ்ளோ மோசமா இருந்துச்சு அஃபென்ஸ்), டீம் 6-2ல இருக்கும்போதே அக்டோபர்ல தற்காலிக ஏடி பெத் கோட்ஸ் இந்த சீசனோட ப்ரையன் இல்லைன்னு அறிவிச்சுட்டாங்க. அப்பா வாயத் திறக்க முடியல. கொஞ்ச மாசத்துல அந்த அம்மாவே நிரந்தர ஏடி. ஃபெரென்ட்ஸ் எப்ப போறார்ங்கறதை அவரே முடிவு பண்ணுவாரு, அந்த மரியாதை அவருக்கு உண்டு, ஆனா அடுத்தவர் பேரை அவர் சொல்லி அது நடக்கும்னு எனக்குத் தோணல.